படி என்றவர்களும் படிக்காதே என்றவர்களும்

அந்த டைல்ஸ் கம்பெனியில் 'ரீஸ்டார்ட் அக்கா'வைத் தெரியாதவர்கள் கிடையாது. குடோனில் பில் போடுகிற மெஷின் உறைந்து நின்றாலும் சரி, முதலாளி அறையில் பிரிண்டர் காகிதத்தை மென்று துப்பினாலும் சரி, முதல் போன் அவளுக்குத்தான் போகும். அவளும் எடுத்த எடுப்பில் ஒரே கேள்விதான் கேட்பாள். "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா?" முக்கால்வாசிப் பேருடைய கஷ்டம் அதிலேயே தீர்ந்துவிடும். மிச்சம் இருப்பவர்களிடம் நேரில் போய், மேஜைக்கு அடியில் புகுந்து, தலையில் தூசியும் முழங்கையில் ஒட்டடையுமாக வெளியே வருவாள்.

கம்பெனியில் சேர்ந்தபோது அவள் ஷோரூமில் குளியலறை டைல்ஸ் எடுத்துக் காட்டுகிற பெண். பள்ளிப் படிப்போடு சரி. கடைக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது மற்றவர்கள் எல்லாம் தொட்டால் வெடித்துவிடும் என்பது போல எட்ட நின்றார்கள். இவள் கிட்டப் போனாள். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கப்புறம் இணையத்தில் வீடியோ பார்த்து, தப்பும் தவறுமாகப் புரோகிராம் எழுதி, அது ஓடவில்லை என்று அழுது, ஓடியதும் ஏன் ஓடியது என்று தெரியாமல் முழித்து, எப்படியோ எல்லாக் கிளைகளின் சரக்கு இருப்பும் ஒரே திரையில் தெரிகிற மாதிரி செய்துவிட்டாள். பழைய கணினிப் பிரிவு மேலாளர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு கம்பெனிக்குத் தாவிய நாளிலிருந்து அவருடைய வேலையும் இவள் தலையில்தான் விடிந்தது.

அந்த மேலாளர் பதவிக்கு ஆள் தேவை என்று கம்பெனி விளம்பரம் போட்டது. இவளும் விண்ணப்பம் போட்டாள். மறுநாளே பணியாளர் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை.

"உங்க அப்ளிகேஷன் ரிஜெக்ட் ஆயிடுச்சும்மா."

"ஏன் சார்?"

"டிகிரி இல்லையே."

"அந்த வேலைய இப்ப நான்தானே சார் பார்த்துக்கிட்டிருக்கேன்?"

"பார்க்கறீங்க. யார் இல்லேன்னா? ஆனா பார்க்கறதுக்கு உங்களுக்குத் தகுதி இல்ல."

"அப்ப நாளைலேருந்து பார்க்க வேண்டாமா சார்?"

அதிகாரி பதறிப்போய்விட்டார். "ஐயையோ, என்னம்மா நீங்க! ஆள் வர்ற வரைக்கும் பாருங்க. வந்தப்புறம் கூட இருந்து அவருக்குச் சொல்லிக் குடுங்க. என் கையில ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் சாஃப்ட்வேர் பண்றது. டிகிரின்னு எழுதலேன்னா அதுவே தூக்கி வெளியில போட்டுடுது."

அந்த சாஃப்ட்வேரைப் போன மாதம் அவருடைய கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவள் இவள்தான். நல்லா வேலை செய்யுதா என்று இரண்டு தடவை சோதித்துப் பார்த்து வேறு கொடுத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் பஞ்சாயத்து கூடியது. அண்ணன் என்ஜினீயரிங் படித்தவன். பட்டச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு, யாரும் கிட்டப் போய் மார்க்கைப் பார்த்துவிடாதபடி கூரையை ஒட்டி மாட்டியிருந்தான். இப்போது ஜன்னல் திரைத்துணிக் கடை வைத்திருக்கிறான்.

"காலேஜ் கீலேஜ்னு போய் மாட்டிக்காத," என்றான் அண்ணன். "நாலு வருஷம் படிச்சு நான் என்னத்தக் கிழிச்சேன்?"

"துணி," என்றாள் அண்ணி, சமையலறையிலிருந்தபடியே. "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அதத்தானே கிழிக்கறீங்க." பிறகு ஈரக் கையோடு வெளியே வந்து, "நீ போ. என்னைத்தான் பள்ளிக்கூடம் முடிஞ்ச கையோட கட்டிக்குடுத்துட்டாங்க. நீயாவது போ," என்றாள்.

ரீஸ்டார்ட் அக்காவின் கணவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. படிப்பு என்றால் அவனுக்கு ஒரு பயபக்தி உண்டு. "மூணே வருஷம்தானே. போய்ட்டு வந்துடேன்," என்றான், ஏதோ முக்கு வரைக்கும் போய்விட்டு வருகிற மாதிரி.

யோசித்துப் பார்த்தால் அலுவலகத்திலும் அதே கதைதான். படித்தவர்கள் எல்லாரும் படிக்காதே என்றார்கள். படிக்காதவர்கள் எல்லாரும் படி என்றார்கள். பாதியில் விட்டவர் ஒருவர் மட்டும், எதுவாக இருந்தாலும் பாதியில் விடாதே என்றார்.

பத்தாவது படிக்கிற மகளுக்கு இந்தப் பேச்செல்லாம் பொறுக்கவில்லை. "எதுக்கும்மா ஊரையே கேட்டுக்கிட்டு?" என்று கைபேசியில் இருந்த செயற்கை நுண்ணறிவிடம் கேட்டாள். அது கண்ணிமைக்கிற நேரத்தில், கல்லூரிக்குப் போவதால் வரும் நன்மைகள் ஏழு, தீமைகள் ஏழு என்று அடுக்கிவிட்டு, 'இறுதி முடிவு உங்கள் கையில்' என்று முடித்தது.

"புடவை எடுக்கப் போனா உங்க அப்பா பேசற மாதிரியே பேசுதேடி," என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவளுடைய கைபேசி அவளை விடவில்லை. எதைத் திறந்தாலும் ஒரே ஆள் கையை நீட்டிக்கொண்டு வந்தான். கறுப்பு டி-ஷர்ட், கறுப்புக் காலணி. மூன்றே மாதத்தில் உங்களைக் கம்ப்யூட்டர் நிபுணர் ஆக்குகிறேன் என்றான். பார்ப்பவர்கள் அவனுக்கு ஜம்ப் அண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏன் என்பது, அவனுடைய இலவசக் கூட்டத்துக்குப் போனபோது தெரிந்தது. பெரிய ஓட்டல் ஒன்றின் கூட்ட அரங்கு. விளக்குகள் அணைந்து, நெஞ்சு அதிர இசை கிளம்பியது. ஜம்ப் அண்ணன் படிக்கட்டை விட்டுவிட்டு, தரையிலிருந்து மேடைக்கு ஒரே தாவாகத் தாவினான்.

"டிகிரிங்கறது என்ன?" என்று கத்தினான்.

"பேப்பர்!" என்றது கூட்டம். முன்வரிசையில் இருந்தவர்கள் இதற்கு முன்னாலும் வந்திருக்க வேண்டும்.

"நான் ரெண்டாவது வருஷத்துலயே காலேஜ விட்டு வெளிய வந்தவன்! இன்னிக்கு எங்க நிக்கறேன் பாருங்க!" என்று சொல்லிவிட்டு, பேன்ட் பைக்குள்ளிருந்து ஒரு பட்டச் சான்றிதழை எடுத்தான். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்து, நடுவாகக் கிழித்தான். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் அடங்கியதும் அவள் எழுந்தாள். கேட்க வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"சார், ரெண்டாவது வருஷமே விட்டுட்டேன்னீங்களே. அப்ப இது யாரோட டிகிரி?"

ஜம்ப் அண்ணன் அவள் பக்கம் விரலை நீட்டினான். "நல்ல கேள்வி! இப்படிக் கேக்கறவங்களுக்குத்தான் எங்க கோர்ஸ்!" என்றான். மறுபடி இசை கிளம்பிவிட்டது. வெளியே வருகிற வழியில் அவள் மேடை ஓரமாக எட்டிப் பார்த்தாள். அடுத்த கூட்டத்துக்காக ஒரு கட்டு கலர் ஜெராக்ஸ் காத்துக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த வாரம் புது மேலாளர் வந்து சேர்ந்தான். வயதில் அவளைவிட ரொம்பச் சின்னவன். முதல் நாளே, "என்னை சார்னு கூப்பிடாதீங்க அக்கா, தம்பின்னே சொல்லுங்க," என்றான். அவளுக்கு மேலதிகாரியைத் தம்பி என்று அழைக்க வாய் வரவில்லை. சார் என்றால் அவன் முகம் வாடியது. கடைசியில் 'தம்பி சார்' என்று சமரசம் ஆனது. அலுவலகம் முழுக்க அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அவன் தலைக்கனம் பிடித்தவனாக இருந்திருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும். வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவனோ தெரியாததைத் தெரியாது என்றான், டீ வாங்கப் போனால் அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்தான். அவள் எழுதிய புரோகிராமை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தான். இதுவரை ஒருவரும் அதைப் படித்ததில்லை. பரீட்சை பேப்பர் திருத்துகிறவர் எதிரில் நிற்பது போல அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சூப்பரா இருக்கு அக்கா," என்றான். "ஆனா இந்த இடத்துல புரோகிராம் சும்மா நிக்குதே. ஒண்ணும் பண்ணாம மூணு செகண்ட் காத்துக்கிட்டு இருக்கு. எதுக்கு?"

"அது இருந்தா ஓடுது தம்பி சார். எடுத்தா, சரக்கு இருப்பு மைனஸ்ல போயிடுது. கையில ஒரு பெட்டி டைல்ஸ் இருக்கும், ரெண்டு கிளையிலயும் அதையே வித்துடறாங்க. கஸ்டமர் ரெண்டு பேரும் குடோன்ல வந்து சண்டை போடறாங்க."

"சரி. மூணு செகண்ட் நின்னா ஏன் சரியாப் போகுது?"

அவள் திரையில் அந்த வரியைப் பார்த்தாள். இத்தனை வருடமாக அந்த வரி அங்கே இருக்கிறது. தினமும் அதன் தயவில்தான் கம்பெனி நடக்கிறது. ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"தெரியாது," என்றாள். "நீங்க சொல்லுங்க."

தம்பி சார் தலையைச் சொறிந்தான். "இதுக்கு ஒரு பேர் இருக்கு அக்கா. 'ரேஸ்'னு ஆரம்பிக்கும். ரெண்டாவது வருஷத்துல ஒரு முழுப் பாடமே இருந்துச்சு. மத்தியானம் வைப்பாங்க, நான் தூங்கிடுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பாஸாயிட்டேன். அது வேற," என்றான்.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது அவளுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பதவி போனது வலித்ததுதான், ஆனால் இது வேறு மாதிரி வலித்தது. தன் கையால் கட்டிய வீட்டில், திறக்கவே தெரியாத ஓர் அறை இருக்கிறது என்று யாரோ விருந்தாளி வந்து காட்டிக் கொடுத்துவிட்டுப் போனது போல இருந்தது. அந்தப் பாடத்தின் போது தூங்க அவனுக்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது. தனக்கு அதுகூடக் கிடைக்கவில்லையே என்று நினைத்தாள். நினைத்ததும் சிரிப்பு வந்தது, பொறாமைப்படுவதற்கும் ஒரு தராதரம் வேண்டாமா என்று.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவனிடம், "ஏங்க, நான் சேரப் போறேன்," என்றாள்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே," என்றான் அவன். அவன் வாழ்க்கையில் அவன் சொன்னது நடந்தது அதுதான் முதல் தடவை என்பதால், அன்று ராத்திரி முழுக்க அவனைப் பிடிக்க முடியவில்லை.

மாலை நேர வகுப்பும் நடத்துகிற கல்லூரி அது. சேர்க்கை நாளன்று நீண்ட தாழ்வாரத்தில் வரிசை வளைந்து வளைந்து நின்றது. அவளுக்கு முன்னால் நின்றவர் முழுக்கைச் சட்டையை இஸ்திரி போட்டுப் பொத்தான் எல்லாம் மாட்டி, அடக்க ஒடுக்கமாக நின்றிருந்தார். கூட ஒரு பெண் பிள்ளை. ஆள் எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.

"சார், நீங்க... மேடையில தாவுவீங்களே?"

அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். "மெதுவாப் பேசுங்கம்மா."

"இங்க எங்க சார் நீங்க?"

"பொண்ணுக்கு. பகல் நேர கம்ப்யூட்டர் சயின்ஸ்ல போட்டிருக்கோம். மார்க் கொஞ்சம் கம்மி. இடம் கிடைக்கணும்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உள்ள உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"டிகிரி வெறும் பேப்பர்னு சொன்னீங்களே சார்?"

"அது மேடைம்மா," என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "மேடையில ஏறி நின்னு, 'வீட்டுல கலந்து பேசி நல்லா யோசிச்சு முடிவு பண்ணுங்க'ன்னு சொன்னா எவன் வருவான்? சொந்தப் பொண்ணு விஷயத்துல போய் விளையாட முடியுமா?"

மகள் திரும்பி, "ஆன்ட்டி, நீங்க யாரைச் சேர்க்க வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"என்னைத்தான்மா."

அந்தப் பெண் கண் விரியப் பார்த்தாள். அப்பாவுக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லையோ, தொழில் பழக்கம் விடவில்லையோ தெரியாது. "உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கும்மா மூணு வருஷம்? எங்க அடுத்த பேட்ச்ல ஒரே ஒரு சீட்டு..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா!" என்றாள் மகள். வரிசை நகர்ந்தது.

அவளுக்கு இடம் கிடைத்தது. வகுப்பில் முதல் நாள் அவள் நுழைந்தபோது பையன்கள் எல்லாம் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். டீச்சர் என்று நினைத்துவிட்டார்கள். அவள் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்ததும், ஏமாந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவளோடு யாரும் பேசவில்லை.

கல்லூரியும் தன் பங்குக்கு அவளைப் பார்த்துச் சிரித்தது. கம்ப்யூட்டர் பாடத்தின் முதல் பரீட்சை, கம்ப்யூட்டரே இல்லாத ஓர் அறையில் நடந்தது. 'கணினியின் உறுப்புகளைப் படம் வரைந்து விளக்குக' என்று ஒரு கேள்வி. அவள் அலுவலகத்தில் பார்த்தபடியே வரைந்தாள். பின்னால் வயர்கள் சிக்கிக்கொண்டு, பக்கவாட்டு மூடி கழன்று, மேலே யாரோ வைத்துவிட்டுப் போன டீக் குவளையோடு. 'தேவையற்ற உறுப்புகள்' என்று சிவப்பு மையில் எழுதி மார்க்கைக் குறைத்திருந்தார்கள். புரோகிராம் எழுதும் பரீட்சையில், நடுவில் ஒரு புள்ளி விட்டுப்போனதற்காக ஒருவர் பாதி மார்க் வெட்டினார். நிஜ மெஷினாவது எந்த வரியில் தப்பு என்று சொல்லும், இவர் அதுவும் சொல்லவில்லை.

கணக்கு வேறு தனி வில்லங்கமாக இருந்தது. முதல் அரையாண்டிலேயே கணக்கில் கோட்டை விட்டு அரியர் வைத்தாள். அது அடுத்த பரீட்சையிலும் தீரவில்லை. மகள்தான் சமையல் மேடையில் புத்தகத்தைப் பிரித்து வைத்து, "இதுகூடப் புரியலையாம்மா உனக்கு?" என்று திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தாள். மகளுக்குத் தான் சொல்லிக் கொடுத்த காலத்தில் எந்தத் தொனியில் திட்டினோமோ, ஒரு சுருதி பிசகாமல் அதே தொனியில் திரும்பி வருவதை அவள் கேட்டுக்கொண்டாள்.

இரண்டாம் வருடம் அந்தப் பாடம் வந்தது. நடத்தியவர் மின்விசிறியைவிட மெல்லிய குரலில் பேசுகிற ஆசிரியர். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த கூட்டம், அவர் வாயைத் திறந்ததும் வரிசை வரிசையாகச் சாய ஆரம்பித்துவிடும். அவளும் பாதி சாய்ந்திருந்தாள்.

"ஒரு நாற்காலி," என்றார் ஆசிரியர். "ரெண்டு பேர். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எட்டிப் பாக்கறாங்க. நாற்காலி காலி. ரெண்டு பேரும் உட்காரப் போறாங்க. என்ன ஆகும்?"

"கல்யாணம் ஆகும் சார்," என்றது ஒரு குரல். தூங்கியவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள்.

"மைனஸ் ஒண்ணு ஆகும் சார்!" என்று கத்திவிட்டாள் அவள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றிருந்தாள். "ஒரு பெட்டிதான் இருக்கு. ரெண்டு கிளையும் இருக்கான்னு பாக்குது. ரெண்டுக்கும் இருக்குன்னு தெரியுது. ரெண்டும் எடுத்துடுது. அதான் மைனஸ். மூணு செகண்ட் நின்னா, ஒருத்தர் எடுத்துட்டுப் போனப்புறம்தான் இன்னொருத்தர் வந்து பாக்கறார்! ஆனா ரெண்டு பேரும் சேர்ந்து அதே மூணு செகண்ட் நின்னுட்டா..." சட்டென்று நிறுத்தினாள். "ஐயோ. அதான் எப்பவாவது ஒரு தடவை இன்னும் சண்டை வருதா!"

ஆசிரியர் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே வைத்தார். தன் வகுப்பில் ஒருவர் ஐயோ என்று சொல்லி, அது பாடம் சம்பந்தமாக இருந்தது அவருடைய அனுபவத்திலேயே இல்லை போலிருக்கிறது. அன்று மணி அடித்த பிறகும் நின்று, புரோகிராமுக்குள் பூட்டுப் போடுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். முதலில் வருகிறவர் பூட்டிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் திறந்துவிட வேண்டும். அடுத்தவர் அதுவரை வெளியே நிற்க வேண்டும்.

மறுநாள் அவளும் தம்பி சாரும் உட்கார்ந்து, அந்தக் காத்திருக்கும் வரியைத் தூக்கிவிட்டுப் பூட்டுகளைப் போட்டார்கள். காலையில் எல்லாம் ஜோராக ஓடியது. மத்தியானம் எல்லாக் கிளையிலும் பில் மெஷின்கள் ஒரேயடியாக உறைந்து நின்றன. ஒரு கிளை ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பூட்டுக்காகக் காத்திருந்தது. மற்றொரு கிளை அந்தப் பூட்டைப் பிடித்துக்கொண்டு முதல் பூட்டுக்காகக் காத்திருந்தது. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தே கத்தினார். தம்பி சார் வெலவெலத்துப் போய், "அக்கா, ரீஸ்டார்ட் பண்ணிடலாமா?" என்றான்.

"பொறுங்க தம்பி சார். ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அவள். சொல்லும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கட்டடம் அதிர முதலாளி கத்திக்கொண்டிருக்கும்போது ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று கூச்சமாகக்கூட இருந்தது. யார் எந்தப் பூட்டை முதலில் எடுக்க வேண்டும் என்று ஒழுங்கு வைத்தாள். சாயங்காலத்துக்குள் சரியாகிவிட்டது. மாலை வகுப்புக்குப் போனால், ஆசிரியர் கரும்பலகையில் அன்றைய தலைப்பாக எழுதிப் போட்டிருந்தது அதே தொல்லையைத்தான். ஒரு நாள் முன்னால் நடத்தியிருக்கக் கூடாதா என்று அவரிடமே சண்டைக்குப் போனாள்.

அந்த வருடக் கடைசியில் தம்பி சாருக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்தது. போகும்போது, "உங்க நோட்ஸ் எல்லாம் ஒரு காப்பி குடுத்துடுங்க அக்கா, அங்க போய்ப் படிக்கறேன்," என்று வாங்கிக்கொண்டு போனான். கொஞ்ச நாளில் பணியாளர் அதிகாரி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை எழுந்து நின்று வரவேற்றார்.

"வாழ்த்துக்கள்! மேலாளர் போஸ்ட் உங்களுக்குத்தான்."

"நான் இன்னும் டிகிரி முடிக்கலையே சார்?"

"அதெல்லாம் பழைய பாலிசிம்மா. இப்ப மாத்திட்டோம். டிகிரி முக்கியமில்ல, திறமைதான் முக்கியம். பெரிய பெரிய கம்பெனியில எல்லாம் அப்படித்தானாம்." புதிதாகக் கண்டுபிடித்தவர் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இனிமே நீங்க அந்தக் காலேஜுக்கு அலைய வேண்டாம். நிம்மதியா விட்டுடலாம்."

"ரொம்ப சந்தோஷம் சார்," என்றாள் அவள். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. "அடுத்த வாரம் எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்."

"எதுக்கு?"

"பரீட்சை இருக்கு."

அதிகாரி முகத்தில் குழப்பம் பரவியது. "டிகிரி வேணாம்னு இப்பதானேம்மா சொன்னேன்?"

"கம்பெனிக்கு வேணாம் சார். எனக்கு இன்னும் புரியாதது நிறைய பாக்கி இருக்கு."

அவர் வழக்கம்போல சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "படிப்பு லீவு மேலாளர்களுக்குக் கிடையாதும்மா. படிச்சு முடிச்சவங்கதான் மேலாளரா வருவாங்கன்னு அதுல எழுதி வெச்சிருக்கு."

"அப்ப உடம்பு சரியில்லைன்னு போட்டுக்கோங்க சார்."

"உடம்புக்கு என்னன்னு கேக்குதே, என்ன போடட்டும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கணக்குன்னு போடுங்க சார்," என்றாள். "ரெண்டு வருஷமா இருக்கு. இந்தத் தடவை எப்படியும் சரியாயிடும்னு நினைக்கிறேன்."